பழைய எஞ்சின் எந்த ஆண்டில் செய்யப்பட்டது? அறிவது எப்படி?

பாலாற்றுப் படுகையில் கவலை ஏற்றத்தின் இடத்தைப் பிடித்தது ஆயில் எஞ்சின். பின்னர் மின்சார மோட்டார் வந்தது. எஞ்சின்கள் கிணற்று மேட்டுக் கொட்டகைகளில் ஒதுங்கின. 1960களிலும் 70களிலும் வாங்கிய டிராக்டர்களும் பல வீடுகளில் புளியமரத்தடியில் நின்றுவிட்டன. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் இத்தகைய எஞ்சின்களை இன்றும் காணலாம்.

இவற்றைச் செப்பனிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும் என்ற ஆர்வம் இப்போது பலருக்கு ஏற்பட்டுள்ளது. மின்தடையின்போது உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். தந்தையார் உழுத டிராக்டர் ஆயிற்றே என்று சிலர் பாதுகாக்க விரும்புகிறார்கள். பழம்பொருள் சேகரிப்போருக்கு விற்கலாம் என்று எண்ணுவோரும் உண்டு. நோக்கம் எதுவானாலும் முதலில் தெரிய வேண்டியது, அந்த எஞ்சின் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதுதான்.

ஏன் தெரிய வேண்டும்?

முதலாவது காரணம் உதிரி பாகங்கள். ஒரே பெயருள்ள எஞ்சினில்கூட ஆண்டுக்கு ஆண்டு பிஸ்டன், லைனர், நாசில், பேரிங் ஆகியவற்றை உற்பத்தியாளர்கள் மாற்றியிருக்கிறார்கள். ஆண்டு தெரியாமல் பாகம் வாங்கினால் பொருந்தாது. பட்டறைக் கூலியும் வீணாகும்.

இரண்டாவது காரணம் ஆவணம். டிராக்டரில் உள்ள எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், பதிவைப் புதுப்பிக்கவோ வாரிசு பெயருக்கு மாற்றவோ இயலாது. வண்டியின் உரிமையே கேள்விக்குள்ளாகும்.

மூன்றாவது காரணம் விலை. ராஜ்கோட்டில் செய்த எஞ்சினைச் சீமை எஞ்சின் என்றும், பல முறை எஞ்சின் மாற்றிய டிராக்டரை அசல் என்றும் சொல்லி விற்பது உண்டு. ஆண்டைக் கண்டறியும் முறை தெரிந்த விவசாயி இதில் ஏமாற மாட்டார்.

உருவத்தைப் பார்த்து வயதைச் சொல்லக் கூடாது

நிமிடத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைத் திறன் தரும் லிஸ்டர் வகை எஞ்சின் நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்ததே. பெரிய சக்கரம் இரண்டு, ஒரே சிலிண்டர், நிதானமான ஓட்டம். 1930ஐ ஒட்டி இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் இது உருவாயிற்று. அங்கு 1980களில் உற்பத்தி நின்றது. ஆனால் குஜராத்தில் ராஜ்கோட் முதலிய இடங்களில் இதே வடிவில், பெரும்பாலும் இதே 114.3 மில்லிமீட்டர் விட்டம், 139.7 மில்லிமீட்டர் வீச்சு அளவில், பல நிறுவனங்கள் பல தலைமுறைகளாகச் செய்து வந்துள்ளன. ஆகவே 1940இல் செய்ததும் 1990இல் செய்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பிபோல இருக்கும். மரையின் அளவும் உதவாது. ஆங்கில மாதிரியை ஒட்டிச் செய்தவற்றில், மெட்ரிக் முறை வந்த பின்னும் அங்குல அளவு மரைகளே நெடுங்காலம் நீடித்தன.

துருவைப் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. இந்த எச்சரிக்கை தோல் பதனிடும் பகுதி விவசாயிகளுக்கு மிக முக்கியம். பச்சைத் தோலைக் கெடாமல் காக்க அதன் எடையில் ஏறக்குறையப் பாதி அளவு உப்பு இடுவது வழக்கம். அந்த உப்பு கழிவு நீரோடு சேர்ந்து பல ஊர்களில் நிலத்தடி நீரில் இறங்கிவிட்டது. பாலாற்றுப் படுகையின் இந்தப் பாதிப்பைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30 அன்றும் மீண்டும் தீர்ப்பளித்தது. நிலமும் பயிரும் கெட்டதை எல்லோரும் அறிவர். எஞ்சினும் கெட்டதைப் பலர் கவனிப்பதில்லை.

கிணற்றிலிருந்து இறைக்கும் நீரில் ஒரு பகுதியையே எஞ்சினின் நீர் உறைக்குள் விட்டுக் குளிர்விப்பது பழைய வழக்கம். உப்பு நீர் அவ்வாறு ஓடினால் உறையின் உட்சுவர் அரிக்கும். கெட்டியான காறை படியும். வெளியே கசியும் நீர் பட்டுப் பித்தளைத் தகடு பச்சை பூக்கும்; வார்ப்பிரும்பு செதிள் செதிளாக உரியும். இப்பகுதியில் பத்து ஆண்டு ஓடிய எஞ்சின் வேறு இடத்தில் நாற்பது ஆண்டு ஓடியதுபோல் தோன்றலாம். எனவே துரு காட்டுவது நீரின் குணத்தை, ஆண்டை அல்ல.

மூன்று வகை எண்கள்

எஞ்சினில் காணும் எண்கள் மூன்று வகைப்படும். இவற்றைப் பிரித்தறிவதே முதல் பாடம்.

தகட்டு எண்: பித்தளை அல்லது அலுமினியத் தகட்டில் உற்பத்தியாளர் பெயர், வகை, குதிரைத் திறன், சுற்று வேகம், வரிசை எண் ஆகியவை இருக்கும். படிக்க எளிது. ஆனால் தகட்டை இரண்டு ரிவெட்டுகளைத் தட்டிவிட்டுக் கழற்றி வேறு எஞ்சினில் பொருத்திவிடலாம். ரிவெட்டுக்குப் பதில் திருகாணி இருந்தால் சந்தேகிக்க வேண்டும்.

குத்து எண்: எஞ்சின் பிளாக்கில் தட்டையாகக் கடைந்த ஓர் இடத்தில் குத்துளியால் பதித்த எண். இது பள்ளமாக இருக்கும். பிளாக்கைக் கடைந்து முடித்த பிறகு பதிப்பதால், பெரும்பாலும் இதுவே உண்மையான எஞ்சின் எண்.

வார்ப்பு எண்: அச்சிலேயே அமைந்து வார்ப்போடு வெளிவரும் எண். இது மேடாக இருக்கும். இதில் இரண்டு உட்பிரிவு உண்டு. ஒன்று அந்தப் பாகத்தின் மாதிரி எண், ஆண்டுக்கணக்கில் மாறாது. மற்றொன்று வார்ப்புத் தேதி. அச்சில் சிறு வில்லையாகப் பொருத்தி அவ்வப்போது மாற்றுவார்கள். தேதியைச் சுற்றிச் சிறு கட்டமோ, இரு பக்கமும் திருகுத் தலை அடையாளமோ தென்படும்.

பலரும் செய்யும் தவறு, மேடாகப் பெரிதாகத் தெரியும் மாதிரி எண்ணை எஞ்சின் எண் என்று எழுதிக்கொள்வது. மேடாக உள்ளது வார்ப்பில் வந்தது. பள்ளமாக உள்ளது பின்னர்க் குத்தியது. இதை மனத்தில் கொண்டால் குழப்பம் இராது.

எண்ணைச் சேதமின்றிப் படிக்க

எண் தெரியவில்லை என்றதும் கிரைண்டரையோ உப்புத்தாளையோ எடுக்கக் கூடாது. தேய்த்த எண் திரும்ப வராது. மேலும், தேய்த்த தடம் இருந்தால் திருட்டு வண்டியோ என்ற ஐயம் எழும்.

முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை ஊறவைத்துத் துடைக்க வேண்டும். பிறகு பழைய பல் தூரிகையால் மெதுவாகத் துலக்கலாம். பெயிண்டு மூடியிருந்தால் பெயிண்டு நீக்கி தடவி, மரச் சீவலால் சுரண்டலாம். இரும்புச் சுரண்டி கூடாது. பித்தளைத் தகட்டின் பச்சையை நீக்கப் புளிக் கரைசலைச் சிறிது நேரம் மட்டும் தடவிக் கழுவலாம். கழுவுவதற்கு உப்புக் கிணற்று நீரைப் பயன்படுத்தக் கூடாது. மழை நீரோ குடிநீரோ நல்லது. கழுவியதும் ஈரம் உலர்த்தி, சிறிது எண்ணெய் பூச வேண்டும்.

அடுத்து வெள்ளைச் சுண்ணக்கட்டியை எண்ணின்மேல் தேய்த்து, உலர்ந்த துணியால் மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெண்மை தங்கும், எண் தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் படுக்கையாகத் தீட்டியும் பிரதி எடுக்கலாம். மாலை நேரத்தில் பக்கவாட்டிலிருந்து டார்ச்சு அடித்துப் பார்த்தால் மங்கிய எண்ணும் நிழல் விழுந்து தெரியும். 3, 8 ஆகியவையும், 1, 7 ஆகியவையும் எளிதில் மயங்கும். இருவர் தனித்தனியே படித்து எழுதி ஒப்பிடுவது நலம்.

வார்ப்புத் தேதி சொல்வது என்ன?

வார்ப்புத் தேதிக்கு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் பாசில்டன் ஆலையில் 1960களின் நடுவிலிருந்து செய்த ஃபோர்டு டிராக்டர்கள். இவற்றில் முதலில் ஓர் எண், அடுத்து ஓர் ஆங்கில எழுத்து, அதன்பின் நாள் எண் என்று வரும். முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம். எழுத்து மாதத்தைக் குறிக்கும். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி என்று தொடங்கி, எச் என்றால் ஆகஸ்டு. ஒன்று என்னும் எண்ணோடு மயங்கும் என்பதால் ஐ எழுத்தை விட்டுவிட்டார்கள். ஆகவே ஜே என்றால் செப்டம்பர். எம் என்றால் டிசம்பர். 'ஐந்து - ஜே - பதினேழு' என்றிருந்தால் செப்டம்பர் 17; ஆண்டு 5இல் முடிவது.

ஆனால் அது 1965ஆ, 1975ஆ? வார்ப்பு அதைச் சொல்லாது. வேறு சான்றுகளைக் கொண்டே பத்தாண்டை நிர்ணயிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வார்த்த பிளாக்கைச் சில நாள் முதல் சில மாதம் வரை வைத்திருந்து, பின்னர்க் கடைந்து எஞ்சினாகச் சேர்ப்பார்கள். எனவே வார்ப்புத் தேதி எஞ்சின் பிறப்பதற்குச் சற்று முந்தியது. பிளாக், ஹெட், கியர்ப் பெட்டி, பின் அச்சு உறை ஆகிய எல்லாவற்றிலும் தேதியைப் பார்த்து எழுத வேண்டும். எல்லாம் சில மாத இடைவெளிக்குள் இருந்தால் வண்டி அசல். பிளாக் மட்டும் பல ஆண்டு பிந்தியது என்றால் எஞ்சின் மாற்றப்பட்டுள்ளது.

எண்ணில் ஒளிந்திருக்கும் ஆண்டு

சில நிறுவனங்கள் எஞ்சின் எண்ணிலேயே ஆண்டைப் பொதிந்து வைத்துள்ளன. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரில் செய்யும் பெர்க்கின்ஸ் எஞ்சின்களில் 1974 முதல் இந்த முறை வந்தது. முதலில் வரும் இரண்டு எழுத்துகள் எஞ்சின் வகையைக் குறிக்கும். அடுத்து உதிரி பாகப் பட்டியல் எண். பின்னர் செய்த நாட்டின் எழுத்து. அதன்பின் வரிசை எண். ஈற்றில் வரும் ஒற்றை எழுத்தே ஆண்டு. ஏ என்றால் 1974, பி என்றால் 1975, சி என்றால் 1976 என்று வளர்ந்து, எச் 1981 ஆகும். இங்கும் ஐ எழுத்து விடுபடுவதால் ஜே 1982 ஆகும்.

சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் உரிமத்தின் பேரில் எஞ்சின்களைச் செய்து வந்தது. உரிமத்தின் பேரில் இந்தியாவில் செய்தவற்றுக்குச் சீமை எண் முறையை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. அந்தந்த நிறுவனத்தின் விற்பனையாளரிடமோ சேவைப் பிரிவிடமோ முழு எண்ணையும் கொடுத்துக் கேட்பதே சரி.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுக்குப் பின் வந்த வண்டிகளில் உற்பத்தி மாதமும் ஆண்டும் பதிக்கப்பட்டிருக்கும். ஆகவே துப்பறியும் வேலை பெரும்பாலும் அதற்கு முந்திய வண்டிகளுக்கே.

தகட்டின் முகவரியும் சாட்சி

தகட்டில் ஆண்டு இல்லாவிட்டாலும் வேறு தடயங்கள் உண்டு. உற்பத்தியாளரின் முகவரியைக் கவனிக்க வேண்டும். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அது தகட்டில் இருந்தால் எஞ்சின் 1972க்கு முந்தியது அல்ல. 'மெட்ராஸ்-2' என்பதுபோல் சிறு எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. 'சென்னை' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் 1996க்குப் பிந்தியது.

தர நிர்ணய எண் இன்னும் உறுதியான சாட்சி. ஐ.எஸ். 1601 என்ற டீசல் எஞ்சின் தரம் 1960இல் வெளியாயிற்று. விவசாய எஞ்சின்களுக்கான ஐ.எஸ். 11170 என்ற தரம் 1985இல் வந்தது. தரம் வெளியாகும் முன் அதன் எண்ணை யாரும் பொறிக்க முடியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் இருந்தால் போதாது. இந்தியத் தரக் கழகம் 1987இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறிய பிறகும் அதே முத்திரைதான் தொடர்கிறது.

எஞ்சினோடு சேர்ந்த கருவிகளையும் பார்க்கலாம். லூகாஸ் டைனமோ, ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் உடம்பில் மாதமும் ஆண்டும் சிறு எண்ணாகக் குத்தியிருக்கும். '3 62' என்றால் 1962 மார்ச்சு. சென்னை பாடியில் உள்ள லூகாஸ்-டி.வி.எஸ். 1961இல் தொடங்கியது, அந்தப் பெயருள்ள கருவி அதற்கு முந்தியதாக இராது. பெங்களூரின் மைக்கோ நிறுவனம் 1951இல் தொடங்கி, 2008இல் பாஷ் என்று பெயர் மாறிற்று. ஆயினும் இவை எளிதில் மாற்றக்கூடிய பாகங்கள். துணைச் சாட்சியாக மட்டுமே கொள்ள வேண்டும்.

டிராக்டர்களுக்குச் சில அடிப்படை ஆண்டுகள்

சாம்பல் நிறப் பெர்குசன் டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவெண்டிரியில் செய்யப்பட்டது. 1950களின் இறுதியில் வந்த மாஸே பெர்குசன் 35 டிராக்டரில் முதலில் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் இருந்தது. 1959இல் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சின் வந்தது. எனவே 1958ஆம் ஆண்டு வண்டியில் மூன்று சிலிண்டர் எஞ்சின் இருந்தால் அது பிறகு மாற்றியது. சென்னையில் டாஃபே நிறுவனம் 1960இல் தோன்றியது. ஐஷர் டிராக்டர் 1959இல் ஃபரீதாபாத்திலிருந்து வெளிவந்தது. இண்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி 1963இல் தொடங்கி 1977இல் மகிந்திராவோடு இணைந்தது. எச்.எம்.டி. டிராக்டர் 1971இலும், ஸ்வராஜ் 1974இலும் வந்தன. இந்த ஆண்டுகளுக்கு முந்திய தேதியைச் சொல்லி ஒருவர் விற்றால் நம்ப வேண்டியதில்லை.

வீட்டுப் பெட்டியில் உள்ள சான்றுகள்

இரும்பு சொல்லாததைக் காகிதம் சொல்லும். எஞ்சின் வாங்கிய ரசீது, கூட்டுறவு நிலவள வங்கியின் கடன் பத்திரம், காப்பீட்டுச் சீட்டு ஆகியவற்றில் எஞ்சின் எண் எழுதியிருக்கக்கூடும். ஆர்.சி. புத்தகத்தில் உற்பத்தி ஆண்டுக்கும் பதிவு ஆண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. வண்டி விற்பனையாளரிடம் ஓராண்டு நின்றிருக்கலாம்.

தேதி கிழிந்துபோன காகிதத்திலும் துப்புக் கிடைக்கும். 'மதராஸ் மாநிலம்' என்பது 1969 ஜனவரி 14 முதல் 'தமிழ்நாடு' ஆயிற்று. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. அதில் ஒரு பகுதியே பின்னர் வேலூர் மாவட்டம் என்று பெயர் பெற்று, 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. ஆம்பூர் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று குறிக்கப்பட்டிருந்தால் பத்திரம் பழையது. 'திருப்பத்தூர் மாவட்டம்' என்றிருந்தால் 2019க்குப் பிந்தியது.

இரு எல்லை கட்டுதல்

கிடைத்த சான்றுகளை இரண்டு பட்டியலாக எழுத வேண்டும். 'இதற்கு முன் இருக்க முடியாது' என்பன ஒரு பட்டியல். 'இதற்குப் பின் இருக்க முடியாது' என்பன மற்றொன்று. முதற்பட்டியலில் மிகப் பிந்திய ஆண்டையும், இரண்டாவதில் மிக முந்திய ஆண்டையும் எடுத்தால், எஞ்சின் பிறந்த ஆண்டு இரண்டுக்கும் நடுவே அகப்படும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆயில் எஞ்சின் தகட்டில் ஐ.எஸ். 1601 உள்ளது; ஆகவே 1960க்கு முந்தியது அல்ல. ஆறு இலக்க அஞ்சல் எண்ணும் உள்ளது. ஆகவே 1972க்கும் முந்தியது அல்ல. அதே எஞ்சின் எண்ணைக் குறிப்பிடும் வங்கிப் பத்திரம் 1976இல் எழுதியது. எனவே அதற்குப் பிந்தியது அல்ல. எஞ்சின் 1972க்கும் 1976க்கும் இடைப்பட்டது. வார்ப்புத் தேதியில் ஆண்டின் கடைசி இலக்கம் 4 என்றிருந்தால், 1974 என்று துணிந்து சொல்லலாம். 1964 என்றோ 1984 என்றோ கொள்ள வழியில்லை.

சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எஞ்சின் கலப்படம் என்று பொருள். ஒரு பிளாக்கில் வேறு எஞ்சினின் தகடு ஏறியிருக்கலாம். அப்போது பிளாக்கின் குத்து எண்ணையும் வார்ப்புத் தேதியையுமே நம்ப வேண்டும்.

சட்டத்தை மறக்கக் கூடாது

விவசாய டிராக்டர், போக்குவரத்து அல்லாத வண்டி வகையைச் சேர்ந்தது. பதிவு 15 ஆண்டு செல்லும். பின்னர் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தில் திருத்தம் பெற வேண்டும். மாற்று எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துவது அவசியம். எண் அழிந்துபோனால் பட்டறையில் புதிதாகக் குத்திக்கொள்வது குற்றத்துக்கு இடமாகும். அலுவலகத்தை அணுகுவதே முறை.

பழம்பெரும் வண்டிகளுக்காக 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத இருசக்கர வண்டிகளும், கார், ஜீப்பு போன்ற ஆள் ஏறும் நான்கு சக்கர வண்டிகளும் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணமாக விதிகள் குறிப்பிடுகின்றன. அத்தகைய வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. டிராக்டர் இந்த வகைக்குள் வராது. 'பழம்பெரும் வண்டிப் பதிவு வாங்கித் தருகிறேன்' என்று டிராக்டர் வைத்திருப்போரிடம் எவரேனும் பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது.

ஓட்டும் முன்

ஆண்டு தெரிந்து, உரிய பாகங்களும் கிடைத்து, எஞ்சின் சீராயிற்று என்றால் மீண்டும் உப்பு நீரை அதன் உறைக்குள் விடக் கூடாது. தனித் தொட்டியில் மழை நீரை நிரப்பி, அதையே சுழலவிட்டுக் குளிர்விக்கலாம். டிராக்டர் ரேடியேட்டருக்கும் இதுவே பொருந்தும். கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவை அறிந்துகொள்வது பயிருக்கும் எஞ்சினுக்கும் நன்மை தரும்.

கண்டறிந்த எண்கள், வார்ப்புத் தேதிகள், வாங்கிய பாகங்களின் அளவுகள், ரீபோர் செய்த அளவு ஆகிய அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைக்க வேண்டும். எண்ணின் பென்சில் பிரதியையும் அதில் ஒட்டி வைக்கலாம். ஐயம் உள்ளோர் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தை அந்த நோட்டுடன் அணுகலாம். இன்று அரை நாள் செலவிட்டு எழுதி வைத்தால், நாளை அதே எஞ்சினைத் திறக்கப்போகும் மகனுக்கோ மெக்கானிக்குக்கோ ஊகிக்க வேண்டிய வேலை இராது.